மலை மேல் சார்ஜ் ஏறாத கேரவன்

போன மாதம் ஒரு காலையில் பிரவீன் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் அறக்கட்டளையின் நடமாடும் கண் மருத்துவ வண்டிக்கு மின்சாரப் பராமரிப்பு பார்ப்பவர். நான் ஓய்வு பெற்றதும் அந்த வேலைக்கு வந்தவர்.

"சார், வண்டி மலை மேல நிக்குது. ராத்திரி பூரா மெயின் கரண்டுல போட்டு வெச்சோம். சார்ஜர்ல பச்சை லைட்டும் எரிஞ்சுது. காலைல பாத்தா பேட்டரி டவுன். போன தடவையும் இதேதான். கீழ கொண்டாந்து பாத்தா ஒரு கொறையும் இல்ல. என்ன சார் பண்றது?"

"பிளக்கை எடுக்காதீங்க. இஞ்சினை நிறுத்திட்டு உள்ள லைட்டு, ஃபேன் எல்லாத்தையும் போடுங்க. மீட்டரை ஒயரு நுனியில வெக்காதீங்க. பேட்டரி முனையிலயே வெச்சுப் பாருங்க" என்றேன்.

சற்று நேரத்தில் மறுபடி அழைத்தார். பேட்டரியில் மாட்டும் ஒயர் நுனி வளையத்துக்கு அடியில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்ததாம். சுரண்டிவிட்டு முடுக்கியதும் சார்ஜ் ஏறுகிறதாம். "போன்லயே எப்பிடி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"ஒருக்கா நானும் மாட்டிக்கிட்டேன்" என்று சிரித்து வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அந்தத் தடவை மாட்டிக்கொண்டது நானல்ல. வேறொருவர். மாட்டிவிட்டவன்தான் நான். அறக்கட்டளையின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று பிரவீன் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதையே எழுதிக் கொடுக்கிறேன்.

நான் சேலத்தில் பாலிடெக்னிக் படித்தவன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, ஆலை மூடியதும் தருமபுரிக்குத் திரும்பி வந்து அறக்கட்டளையில் சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீட்டர் பிடிக்க அங்கேதான் கற்றேன். எது பழுதானாலும் அதை யார் தலையில் கட்டலாம் என்று முதலில் சுற்றுமுற்றும் பார்க்கிற பழக்கமும் அங்கேதான் வந்தது. இரண்டும் சேர்ந்தே கைக்கு வந்தன.

அறக்கட்டளை வண்டியை நாங்கள் கேரவன் என்போம். சினிமாக்காரர்களுக்குக் கேரவன் கட்டித் தரும் பட்டறையில் கட்டிய வண்டி அது. முதல் முகாமுக்குப் பென்னாகரத்தில் போய் நின்றபோது, ஒகேனக்கல்லுக்கு ஷூட்டிங் போகிற வண்டி என்று நினைத்துக் கூட்டம் கூடிவிட்டது. கதவை ஒட்டி நின்றிருந்த எங்கள் ஓட்டுநரிடம் ஒரு பெண் கேட்டார்:

"உள்ளார யாருங்க இருக்கறது? ஹீரோவா, ஹீரோயினா?"

"ஹீரோதானுங்க. வரிசைல நின்னீங்கன்னா உங்க கண்ணுல டார்ச் அடிச்சுப் பாப்பாரு."

பாதிப் பேர் திட்டிக்கொண்டே போனார்கள். மீதிப் பேர் வரிசையில் நின்றார்கள். அந்த ஓட்டுநர்தான் மாதையன். பென்னாகரத்துக்காரர். ஆள் பெரிய உருவம். சிரித்தால் வண்டியே லேசாக ஆடும்.

வண்டியின் மின்சார ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வேண்டியிருக்கும். இஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறு. மருத்துவக் கருவிகளுக்கென்று பின்பக்கப் பெட்டியில் பெரிய பேட்டரி ஒன்று உண்டு. அதற்கு இரண்டு வழியில் சார்ஜ் ஏறும். வண்டி ஓடும்போது இஞ்சினிலிருந்து ஏறும். நிற்கும்போது, பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒயர் இழுத்துச் செருகினால், வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் வழியாக மெயின் மின்சாரத்திலிருந்து ஏறும். சித்தேரி மலையில் பகலில் மின்சாரம் மங்கலாக வரும், இல்லையென்றால் வரவே வராது. ராத்திரியில் நன்றாக இருக்கும். அதனால் ராத்திரி பள்ளிக்கூடத்திலிருந்து ஒயர் போட்டு சார்ஜ் ஏற்றி, பகல் முழுக்க அந்தப் பேட்டரியை வைத்தே கண்களைப் பார்ப்போம். மலை முகாமுக்கு அந்தப் பேட்டரிதான் உயிர்.

முகாம்களுக்குத் தலைமை நிர்மலா மேடம். கிருஷ்ணகிரிப் பக்கம், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வயதில் என்னைவிட நிறைய இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது போய், இது கெட்டுவிட்டது, அவர் வரவில்லை, இவர்தான் காரணம் என்று எதையாவது சொன்னால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். துடைத்து மாட்டிக்கொண்டு, "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்பார். நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டால் கோபமே வராது. "சரி, போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்குள்ள டீ சொல்லி வெக்கறேன்." உண்மையிலேயே டீ வந்திருக்கும். எங்கள் மருத்துவர் கேலி செய்வார்: "இந்தம்மா வந்து உங்க சம்சாரம் வூட்ல இருக்காங்களான்னு கேட்டாக்கூட, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துதான் பதில் சொல்லணும்." அதைக் கேட்டு மேடமே சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்வியை விட்டதில்லை.

மாதையனின் வேலை வண்டி ஓட்டுவதோடு முடிவதில்லை. மலைக்காரர்களிடம் செல்போன் வந்துவிட்டது. சார்ஜ் போடத்தான் வழியில்லை. மாதையன் இஞ்சின் ஓடும்போது வண்டியின் முன்பக்கத்தில் அவர்கள் போன்களைச் செருகிக் கொடுப்பார். எது யாருடையது என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். போன் கொடுக்க வருகிறவர்களிடம், "சார்ஜ் ஏறுற நேரத்துல சும்மா எதுக்கு நிக்கறீங்க, உள்ளார போய்க் கண்ணக் காட்டிட்டு வாங்க" என்பார். எங்கள் மலை முகாம் நிறைந்தது இப்படித்தான். துண்டறிக்கையைப் பார்த்து யாரும் வந்ததில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பொன்னியம்மா. கணவர் இல்லை. தனியாகச் சாமை விதைத்து, அறுத்து, சமாளிக்கிறவர். வாய் கொஞ்சம் நீளம். இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம் என்று மருத்துவர் கண்டுபிடித்தார். வலியோ சிவப்போ இல்லாமல், ஆளுக்கே தெரியாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னுகிற நோய் அது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற, தினம் சொட்டு மருந்து விட வேண்டும். மாதாமாதம் வண்டி வரும்போது மருந்தை வாங்கிக்கொள்ள வேண்டும். "நல்லாத் தெரியுற கண்ணுக்கு எதுக்குடா மருந்து?" என்பார் பொன்னியம்மா. மாதையன் அவர் காட்டு ஓரம் வரை நடந்து போய், "யக்கா, வண்டி வந்துருச்சு. நீ வரலன்னா இங்கயே குந்திக்குவேன், சாமைய குருவி திங்கட்டும்" என்று மிரட்டிக் கூட்டிவருவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வருடம் ஆயுத பூஜையை ஒட்டிப் பெட்டிக்குப் புதுப் பேட்டரி வந்தது. எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும், அது டிராக்டரோ தையல் மிஷினோ, சந்தனமும் குங்குமமும் வைக்காமல் முதல் நாள் ஓட்டமாட்டோம். பூஜையன்றே மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். மாதையன் வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஒரு டிபன் மூடியில் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே வெய்ங்க சார். பெரியவங்க கை."

அந்தப் பேட்டரியின் நேர்முனையில் இரண்டு பிடிகள் உண்டு. ஒன்று தடித்த குமிழ். கருவிகளுக்குப் போகும் ஒயரும் இஞ்சினிலிருந்து வரும் ஒயரும் அதைக் கவ்விப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு போல்ட். மெயின் சார்ஜரிலிருந்து வரும் ஒயரின் நுனியிலுள்ள வளையத்தை அதன் அடியில் படுக்க வைத்து, மேலே நட்டைப் போட்டு முடுக்க வேண்டும். நான் மோதிர விரலால் குமிழில் ஒரு பொட்டு வைத்தேன். போல்ட்டின் அடியில், வளையம் வந்து உட்காரும் அந்த வட்டமான தட்டில், இன்னொன்று வைத்தேன். குங்குமமும் வைத்தேன். ஈரமாக, அழகாக இருந்தது. அதன் மேலேயே வளையத்தை வைத்து நட்டை முடுக்கினேன். முடுக்கிய நட்டின் தலையிலும் ஒன்று வைத்தேன். கற்பூரம் காட்டினார் மாதையன். எல்லோரும் பொரி சாப்பிட்டோம்.

பாலிடெக்னிக்கில் படித்தவன் நான். இரண்டு உலோகத்துக்கு நடுவில் எதுவும் இருக்கக் கூடாது என்று முதல் வருடப் பையனுக்குத் தெரியும். அன்று அது எனக்குத் தோன்றவில்லை. பொட்டு வைத்தேன் என்று நினைத்தேனே ஒழிய, மின்சாரம் போகும் வழியில் எதையோ வைத்தேன் என்று நினைக்கவில்லை.

உடனே எதுவும் ஆகவில்லை. குமிழில் வைத்ததை ஒயர் நுனியின் இரும்புக் கவ்வியே சுரண்டித் தள்ளிவிட்டது. போல்ட்டில் வைத்தது மட்டும் வளையத்துக்கு அடியில் தங்கிவிட்டது. ஓரங்களில் உலோகம் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்ததால் கொஞ்ச நாள் ஓடியது. ஐப்பசி, கார்த்திகை ஈரம் உள்ளே இறங்கியது. பனிக்காலத்தில் ஒரு நாள் மலையிலிருந்து போன் வந்தது. வரிசை நிறைய ஆட்கள் இருக்கிறார்கள், கருவிகள் எல்லாம் அணைந்துவிட்டன.

அரூர் போய், அங்கிருந்து கிடைத்த ஜீப்பில் ஏறிப் போனேன். போய்ச் சேர்ந்தபோது இஞ்சினை ஓடவிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சாக்கெட்டில் அந்நேரம் மின்சாரம் இருந்தது. ஒயர் சரி. ஃபியூஸ் சரி. சார்ஜரில் பச்சை விளக்கு. எங்கள் சார்ஜரில் ஆரஞ்சு எரிந்தால் ஏறுகிறது என்று பொருள், பச்சை எரிந்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். இஞ்சினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, பேட்டரி ஓரத்தில் மீட்டரை வைத்தேன். பதின்மூன்றரை வோல்ட். நல்ல அளவு.

ஆனால் மீட்டரை நான் வைத்தது வளையத்தின் மேல். போல்ட்டை மூடிய நட்டின் தலையில் காய்ந்த பொட்டு இருந்தது. அதன் மேல் கூர்முனையைக் குத்த மனம் வரவில்லை. வளையத்திலும் போல்ட்டிலும் ஒரே அளவுதானே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

தருமபுரிக்கு வந்து பட்டறையில் மறுபடி பார்த்தேன். பேட்டரி நிறைந்திருந்தது. மலையிலிருந்து இறங்கி வரும் தூரம் முழுக்க இஞ்சின் அதை நிரப்பிவிடும் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அடுத்த முறையும் இதேதான். மேலே போனால் காலையில் பேட்டரி படுத்துவிடும். கீழே வந்தால் சரியாக இருக்கும்.

சார்ஜர் நிறைந்துவிட்டது என்கிறது. காலையில் பேட்டரி காலி. அப்படியென்றால் நடுவில் யாரோ செலவழிக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு மிகச் சரியாகப் பட்டது. வண்டியில் படுப்பது மாதையன். போன்களுக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

நிர்மலா மேடத்தின் அறையில் நான், மேடம், மாதையன் மூவரும் இருந்தோம். செல்வம் என்ற இன்னொரு ஓட்டுநர் கதவருகே நின்றிருந்தார். நான் சொன்னேன்: "சிஸ்டத்துல ஒண்ணுமில்ல மேடம். ராத்திரில லோடு ஓடுது. ஃபேனு, ஊர்க்காரங்க போனு, எல்லாம் இந்தப் பேட்டரில ஓடுது."

மாதையன் என்னைப் பார்த்தார். "சார், போனெல்லாம் இஞ்சின் ஓடறப்ப முன்னாடிதானுங்க போடறேன். ராத்திரி நான் வண்டிக்குள்ளயே படுக்கறதில்லீங்க. பேட்டரி எறங்குதுன்னு சொன்னதுல இருந்து வெளியதான், சக்கரத்துக்குப் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுக்கறேன். அந்தக் குளுருல ஃபேனு எதுக்குங்க சார்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். என்னைத்தான் கேட்டார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை "நெனச்சேன் மேடம்" என்று சொல்லி டீ குடித்தவன் நான். அன்று அவர் முன்னால், செல்வம் முன்னால், மாதையன் என் கணக்கை உடைத்துப் போட்ட பிறகு, அதைச் சொல்ல நாக்கு வரவில்லை.

"பாத்தேன் மேடம்" என்றேன்.

பகலில், இஞ்சின் ஓடும்போது, வண்டி முன்பக்கத்தில் நூல் கட்டிய போன்கள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்திருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு சொன்னேன். ஆனால் மேடம் கேட்டது அதை இல்லை என்று எனக்குத் தெரியும்.

மாதையன் தலையைக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அவரை வேலையைவிட்டு நீக்கவில்லை, மலை வண்டியிலிருந்து மாற்றி மருத்துவமனை ஆம்புலன்சுக்குப் போட்டார். ஒரு வாரம் ஓட்டினார். பிறகு, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் பென்னாகரத்துக்கே போய்விட்டார்.

கேரவனுக்குச் செல்வம் வந்தார். கண்டிப்பான ஆள். போன் கொண்டுவந்தவர்களிடம், "உங்க போனுக்குக் கரண்டு குடுத்துத்தான் பழைய டிரைவருக்கு வேலை போச்சு. என்னையும் அனுப்பப் பாக்கறீங்களா?" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். தப்பென்று சொல்ல முடியாது. அவர் காதால் கேட்டதைத்தான் சொன்னார்.

மலைக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். கோபத்தால் அல்ல. தங்களால் ஒருவர் பிழைப்பு போய்விட்டது என்ற வெட்கத்தால். அந்த வண்டிப் பக்கம் தலைகாட்டவே கூசினார்கள். நாலைந்து பேர் வருவார்கள், பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கூட்டம் இல்லாததால் கருவிகளும் அதிகம் ஓடவில்லை. அரைகுறையாக ஏறிய பேட்டரியே அதற்குப் போதுமானதாக இருந்தது. பழுது தெரியவேயில்லை. ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது பாருங்கள் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆனி மாதம் மலைப்பள்ளியில் குழந்தைகள் எல்லோருக்கும் கண் பரிசோதனை என்று ஏற்பாடானது. கருவிகள் இடைவிடாமல் ஓடின. நடுவிலேயே எல்லாம் அணைந்தது. செல்வம் போனில் கத்தினார்: "சார், நான் பள்ளிக்கூடத்துக்குள்ள பூட்டிக்கிட்டுப் படுத்தேன். ஒரு போனுகூடப் போடல. இப்ப என்னைய சொல்லுவீங்களா?"

அன்றே மலை ஏறினேன்.

இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். மின்சாரம் வந்ததும் மெயினைச் செருகி, உள்ளே எல்லா விளக்கையும் போட்டேன். சார்ஜரில் பச்சை. வளையத்தில் மீட்டரை வைத்தேன். பதின்மூன்றரை. கறுப்பு முனையை அப்படியே வைத்துவிட்டு, சிவப்பு முனையை வளையத்திலிருந்து நகர்த்தி, நட்டின் தலையில் காய்ந்திருந்த பொட்டைக் குத்தி, போல்ட்டிலேயே அழுத்தினேன். எண் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கியது. மறுபடி வளையம், பதின்மூன்றரை. மறுபடி போல்ட், பன்னிரண்டுக்குக் கீழே. இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடம்கூட இல்லை. சார்ஜர் அனுப்புவது வளையம் வரை வந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. தன்னிடமிருந்து யாரும் எதுவும் வாங்காததைப் பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணிப் பச்சை காட்டுகிறது.

மரையெல்லாம் பச்சை பூத்திருந்த நட்டைக் கழற்றி வளையத்தைத் தூக்கினேன். அடியில் பழுப்பாக, ஓரம் பச்சை பூத்து, அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு. வட்டமாக இருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. என் மோதிர விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். அளவு சரியாக இருந்தது.

பெட்டிக்குள் தலையை விட்டபடியே சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வளையத்தை வைத்து முடுக்கினேன். சார்ஜரில் பச்சை அணைந்து ஆரஞ்சு எரிந்தது. அத்தனை மாதம் எரியாத ஆரஞ்சு.

மேடத்துக்குப் போன் செய்தேன். "கனெக்ஷன்ல பிரச்சனை மேடம். சரி பண்ணிட்டேன்" என்றேன். அதுவும் பொய்யில்லை. அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாதையனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார்.

மறுநாளே பென்னாகரம் போனேன். மாதையன் ஒரு தனியார் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் எழுந்து இறங்கி வந்தார். "வாங்க சார். வூட்டுக்குப் போலாம் வாங்க, வெயில்ல நிக்காதீங்க." நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே, பேருந்துப் படியருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், வளையம், நான் மீட்டரை வைத்த இடம். பார்த்தேன் என்று சொன்னதையும் சொன்னேன். "நான் பாக்கல மாதையா. பாத்தேன்னு பொய் சொன்னேன்."

அவர் குனிந்து பேருந்தின் டயரைத் தட்டிப் பார்த்தார்.

"இப்ப சார்ஜ் ஏறுதுங்களா?"

"ஏறுது."

"ஆரஞ்சு எரியுதுங்களா?"

"எரியுது."

"சந்தனத்த நாந்தானுங்க கொழச்சுக் குடுத்தேன்" என்றார். "கொஞ்சம் கெட்டியாவே கொழச்சுட்டேன் போல இருக்குது."

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். பாதிப் பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதைத்தான் தாங்க முடியவில்லை. "அப்பிடிச் சொல்லாத மாதையா" என்றேன்.

வேலைக்குத் திரும்பி வரச் சொன்னேன். மேடமும் சொல்லியனுப்பியிருந்தார். மாதையன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அது கெடக்கட்டுங்க. மேல இருக்கற சனங்க என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்களோ. கரண்டு திருடி வித்தேன்னு நெனச்சிருப்பாங்க. அவங்க மூஞ்சிய எப்பிடிங்க பாக்கறது?"

"நான் வர்றேன். நானே சொல்றேன்."

அடுத்த முகாமுக்கு மாதையனும் நானும் மேலே போனோம். அவர் ஓட்டவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பள்ளிக்கூடத்து வாசலில் கூடியிருந்தவர்களிடம் நான் சொன்னேன். மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடக் கூடாதென்று, என்ன நடந்ததோ அதை மட்டும் சொன்னேன். உங்கள் போன்களால் எதுவும் கெடவில்லை, மாதையன் எதையும் எடுக்கவில்லை, பேட்டரியில் பொட்டு வைத்து மூடியது நான், பார்க்காமலே பழி சொன்னதும் நான்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "சாமிக்கு வெக்கற பொட்டுக்கா இந்த மனுசன அனுப்புனீங்க?"

பொன்னியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர், இடது பக்கம் நின்றிருந்த ஒரு பெண்ணை இடித்துவிட்டார். தெரியாமல் இடித்தார். மாதையன் அதைக் கவனித்துவிட்டார். நானும் கவனித்தேன்.

மருத்துவர் அன்றே பார்த்தார். சொட்டு மருந்து தீர்ந்து மாதங்கள் ஆகியிருந்தன. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் பார்வை பாதிக்கு மேல் இருந்தது, அதைக் காப்பாற்றலாம்.

"எதுக்குக்கா வராம இருந்த?" என்று மாதையன் கேட்டார்.

"உன் பொழப்பக் கெடுத்துட்டு, மருந்து வாங்க எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுடா வர்றது?" என்றார் பொன்னியம்மா. "அந்தப் பக்கம் நிக்காத, தெரியல. இந்தப் பக்கமா வந்து குந்து."

மாதையன் வலது பக்கம் போய் உட்கார்ந்தார். நான் இடது பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கிருந்து என்ன சொன்னாலும் அவருக்கு என் முகம் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே போதவில்லை. அவர் முழு முகத்தையும் திருப்பி, இருக்கும் ஒரு கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார். திட்டவில்லை. "நீ பேட்டரிக்காரனா" என்று மட்டும் கேட்டார்.

மாதையன் அடுத்த மாதம் கேரவனுக்குத் திரும்பினார். நூல் கட்டிய போன்களும் திரும்பி வந்தன. இது நல்லபடியாக முடிந்த கதை என்று யாரும் எண்ண வேண்டாம். வளையத்தைச் சுரண்டினால் சார்ஜ் ஏறியது. அந்தக் கண்ணுக்குச் செய்ய எதுவும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆயுத பூஜையில், மாதையன் வழக்கம்போலச் சந்தனத்தைக் குழைத்து டிபன் மூடியை நீட்டினார். நான் தயங்கினேன். என் கையைப் பிடித்து, பேட்டரிப் பெட்டியின் மூடி மேல் கொண்டுபோய், "இங்க வெய்ங்க சார்" என்றார். வைத்தேன்.

அதற்கடுத்து வந்த மலை முகாம்தான் என் கடைசி முகாம். பொன்னியம்மா மருந்துக்கு வந்திருந்தார். மருத்துவரின் கருவி முன்னால் முகவாயை வைத்து உட்கார்ந்தபடி, மாதையனிடம் கேட்டார்:

"பேட்டரிக்காரன் வந்திருக்கானா?"

"உனக்கு இடது பக்கமாத்தான் நிக்கறாருக்கா."

கருவியிலிருந்து முகத்தை எடுத்து, முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்த வருசம் பொட்டு வெச்சியா?"

"வெச்சேன். மூடி மேல வெச்சேன்."

"ம்" என்றார். திரும்பி, மருத்துவரின் விளக்குக்கு வலது கண்ணைக் கொடுத்தார்.